சூட்டைச் சுமந்து போகிறவர்கள்

எங்கள் வீட்டுக்குக் கீழே, லைன் வீட்டில் இருக்கும் அக்கா ஒருவர் குன்னூர்ப் பக்கம் எஸ்டேட் ஒன்றில் கொழுந்து எடுக்கிறார். போன மார்கழியில் ஒரு நாள் என் வாசலில் நின்று கேட்டார்: “தம்பி, சித்திரையில மேட்டுப்பாளையத்துக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அங்க டீயை ஊதி ஊதித்தான் குடிக்க முடியுது. இங்க அடுப்புல இருந்து எறக்குன பிளேன்டீ, பெரட்டுக்குப் போறதுக்குள்ள பச்சத்தண்ணி. அதே தூள், அதே தூக்கு. என்னதான் நடக்குது? ஒரு பிளாஸ்க் வாங்கலாம்னு இருக்கேன், எதை வாங்குறது?”

பெரட்டு என்றால் எஸ்டேட்டில் காலை வேலைக்குப் பேர் பதிய ஆட்கள் கூடும் இடம். அவர் ‘பிளேன்டீ’ என்று சொன்னதையும் விளக்க வேண்டும். 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்தில் இருந்து கப்பலேறி வந்த பல குடும்பங்கள் நீலகிரியில் குடியேறின. பால் சேராத தேநீருக்கு அவர்கள் கொண்டுவந்த பெயர் அது. கூடலூர்ப் பக்கம் போனால் அதையே கட்டஞ்சாயா என்பார்கள். அக்காவின் அம்மா அப்படி வந்தவர். அந்தப் பிளேன்டீதான் இந்தக் கட்டுரைக்கும் அளவுகோல்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல, முதல் கேள்வியைக் கடந்துதான் போக வேண்டும்.

நம் தலைக்கு மேலே காற்று கம்பளிகளை அடுக்கி வைத்தது போல இருக்கிறது. அடியில் இருப்பவனுக்குப் பாரம் அதிகம். மலை ஏற ஏறக் கம்பளிகள் குறைகின்றன. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். தண்ணீர் கொதிப்பது என்றால், அதன் உள்ளிருந்து கிளம்பும் ஆவிக் குமிழி மேலே அழுத்தும் காற்றைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவது. தள்ள வேண்டிய பாரம் குறைந்தால் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். மேட்டுப்பாளையத்தில் கிட்டத்தட்ட 99 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், குன்னூரில் 94 டிகிரியிலும் ஊட்டியில் 92, 93 டிகிரியிலும் கொதிக்கிறது. தொட்டபெட்டா உச்சியில் இன்னும் ஒரு டிகிரி குறையும். அடுப்பை எவ்வளவு பெரிதாக்கினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. ஆவிதான் அதிகமாகப் போகும். குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேக நேரமாவது இதனால்தான்.

இது எந்த அளவுக்கு நம்பகமான உறவு என்றால், 19-ஆம் நூற்றாண்டில் மலைகளின் உயரத்தையே இதை வைத்து அளந்தார்கள். 1848 முதல் இமயமலையில் சுற்றிய தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், தண்ணீரைக் கொதிக்க வைத்து வெப்பமானியைப் பார்த்து, தாம் நிற்கும் இடத்தின் உயரத்தைக் கணக்கிட்டார். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. நல்ல சமையல் வெப்பமானி ஒன்று கையில் இருந்தால் மலையடிவாரக் கல்லாறில் ஒரு முறையும் குன்னூரில் ஒரு முறையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஆக, அக்காவின் டீ புறப்படும்போதே ஐந்து டிகிரி பின்தங்கிவிடுகிறது. ஆனால் பெரிய காரணம் அது அல்ல. 1701-இல் நியூட்டன் எழுதிய ஒரு கருத்து இங்கே உதவும்: ஒரு பொருள் ஆறும் வேகம், அதன் சூட்டுக்கும் சுற்றியுள்ள காற்றின் சூட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. மார்கழிக் காலையில் குன்னூரில் காற்று 10 டிகிரி என்று வையுங்கள். டீ 94. இடைவெளி 84. சித்திரை மதியத்தில் மேட்டுப்பாளையத்தில் காற்று 36 டிகிரி, டீ 99. இடைவெளி 63. அப்படியானால் குன்னூர் டீ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் ஆறத் தொடங்குகிறது. தேயிலைச் சரிவில் வீசும் காற்றையும் சேர்த்தால் இன்னும் அதிகம். தூக்கும் அதுதான், தூளும் அதுதான்; சூட்டை இழுக்கும் பள்ளம்தான் இங்கே ஆழம்.

இந்த இடைவெளி பாதியாகக் குறைய ஆகும் நேரத்தைப் ‘பாதியாறு நேரம்’ என்று வைத்துக்கொள்வோம். பாடப்புத்தகத்தில் இந்தச் சொல் இல்லை; நான் இட்டது. திறந்த எவர்சில்வர் டம்ளருக்கு அது சில பத்து நிமிடங்கள். நல்ல பிளாஸ்குக்குப் பல மணி நேரம். மற்றப் பாத்திரங்கள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கின்றன. நம் நாள் எப்படிப் போகிறதோ, அதற்கேற்ற பாதியாறு நேரம் உள்ள பாத்திரத்தைப் பிடிப்பதுதான் தேர்வு.

சூடு எந்த வழியாகத் தப்பிக்கிறது? திறந்த டம்ளரில் முதல் குற்றவாளி ஆவி. தண்ணீர் ஆவியாக மாறும்போது, சூட்டைக் கூட்டாமலேயே, உருமாறுவதற்கென்று பெரிய அளவு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. இதை உள்ளுறை வெப்பம் என்கிறோம். 100 மில்லி டீயில் ஒரே ஒரு கிராம், அதாவது இருபது சொட்டு, ஆவியாகப் போனால் மிச்சமுள்ள டீ ஐந்து டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிடும். இருபது சொட்டுக்கு இவ்வளவு விலை. நம் வீட்டு டவரா இந்த விதியை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்கிற கருவி. அகன்ற வாய், மெல்லிய உலோகம், டம்ளருக்கும் டவராவுக்கும் நடுவே நீளமாக விழும் டீயின் தாரை, எல்லாம் ஆவி போகிற பரப்பைப் பெருக்குகின்றன. டவராவைச் சூடு இறக்கும் இயந்திரம் என்றே சொல்லலாம். பிளாஸ்க் அதற்கு நேர் எதிர்முனை. வெறும் மூடி ஒன்று போட்டாலே ஆவியின் வழி பெரும்பாலும் அடைபடும். மூடி சரியில்லாத விலையுயர்ந்த மக்கை விட, இறுக்கமான மூடியுள்ள சாதாரணத் தூக்கு நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்த வழிகள் கடத்தலும் சலனமும். சூடு பாத்திரத்தின் சுவர் வழியாக வெளியே வருவது கடத்தல். சுவரைத் தொட்ட காற்று சூடாகி மேலே போக, குளிர்ந்த காற்று அந்த இடத்தைப் பிடிப்பது வெப்பச்சலனம். செம்பு சூட்டைக் கடத்துவதில் 25-இல் ஒரு பங்குதான் எவர்சில்வர் கடத்தும். அசையாத காற்றோ எவர்சில்வரை விட ஏறக்குறைய 600 மடங்கு மந்தம். ‘அசையாத’ என்பதுதான் முக்கியம். நீலகிரியில் இதை நன்றாகப் புரிந்து வாழ்ந்தவர்கள் தோடர்கள். அவர்களுடைய பழைய வீடு அரைவட்டக் கூடாரம் போலப் புல்லால் வேயப்பட்டது. வாசல் மிகச் சிறியது. தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். புல்லின் இடுக்குகளில் காற்று அசையாமல் நிற்கிறது, குறுகிய வாசலால் உள்ளே இருக்கும் சூடான காற்று கொட்டிப்போவதில்லை. அவர்கள் போர்த்தும் பூத்துக்குளியும் இரட்டை மடிப்புத் துணி. நடுவில் ஒரு காற்றடுக்கு. வாய் குறுகிய பிளாஸ்க்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாசல்தான் நினைவுக்கு வரும்.

இரட்டைச் சுவர் மக்குகள் இரண்டு வகை. ஒன்றில் சுவர்களுக்கு நடுவே காற்றோ நுரையோ இருக்கும். மற்றதில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு அடைத்திருப்பார்கள். கடத்தவும் ஆள் இல்லை, சுழலவும் ஆள் இல்லை. இதுதான் வெற்றிடம். பாடப்புத்தகம் வெற்றிடக்குடுவை என்று சொல்வது இந்த வகையைத்தான்.

அப்படியானால் வெற்றிடத்தைத் தாண்டிச் சூடு போகவே முடியாதா? முடியும். சூரியனின் சூடு வெற்றிடத்தைக் கடந்துதானே நம்மிடம் வருகிறது. மிச்சமிருக்கும் வழி கதிர்வீச்சு. இதைப் பார்க்க ஊட்டிக்காரர்களுக்குப் புத்தகம் வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் மேகமில்லாத, காற்றடிக்காத இரவுக்கு மறுநாள் காலை தலைகுந்தாவுக்குப் போங்கள். புல்வெளி முழுக்க உப்பைத் தூவியது போல உறைபனி. ஆனால் ஆள் உயரத்தில் வைத்த வெப்பமானி பூஜ்யத்துக்கு மேலே இரண்டு மூன்று டிகிரி காட்டிக்கொண்டிருக்கும். காற்று உறையாதபோது புல் மட்டும் எப்படி உறைந்தது? புல் தன் சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத கதிர்களாகத் திறந்த வானத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மேகம் இருந்தால் அதில் பெரும்பகுதி திரும்பி வரும். மேகம் இல்லாத இரவில் திரும்பி வருவது குறைவு. தாவரவியல் பூங்காவில் அலங்காரச் செடிகளின் மேல் மிலார் என்கிற புதர்க் கிளைகளைப் பரப்பி மூடுவது இதற்காகத்தான். மிலார் செடிக்குச் சூடு கொடுப்பதில்லை. செடிக்கும் வானத்துக்கும் நடுவே நின்று, செடி அனுப்பிய கதிரை வாங்கி, ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது.

எல்லாப் பரப்பும் ஒரே அளவில் கதிர் வீசாது என்பதை 1804-இல் ஜான் லெஸ்லி காட்டினார். உலோகப் பெட்டி ஒன்றில் வெந்நீர் நிரப்பி, ஒரு பக்கத்தைப் பளபளப்பாகவும் ஒரு பக்கத்தைக் கரி பூசியும் வைத்தார். உள்ளே இருப்பது அதே வெந்நீர். ஆனால் கரிப்பக்கத்தில் இருந்து வந்த சூடு பலமடங்கு அதிகம். வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பழைய எவர்சில்வர் பாத்திரத்தின் ஒரு பாதியை விளக்குப் புகையில் கருக்கி, வெந்நீர் ஊற்றி, கன்னத்தை இரண்டு பக்கத்துக்கும் இரண்டு விரற்கடை தள்ளி வைத்துப் பாருங்கள். தொடாமலே தெரியும். கண்ணாடி பிளாஸ்கின் உள்ளே வெள்ளி மின்னுவது அழகுக்காக அல்ல. சூட்டுக்கு அது ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி.

இந்த எல்லா வழிகளையும் ஒரே பாத்திரத்தில் அடைத்தவர் ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் டூவார். அவருக்கு டீ கவலை இல்லை. ஆக்சிஜன் வாயுவைத் திரவமாக்கி வைத்திருந்தார். அது மைனஸ் 183 டிகிரியிலேயே கொதித்து ஓடிவிடும். வெளிச்சூடு உள்ளே வராமல் காக்கும் பாத்திரம் வேண்டும். 1892-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில், இரட்டைக் கண்ணாடிச் சுவருக்கு நடுவே காற்றை எடுத்து, உள்முகத்தில் வெள்ளி பூசிய குடுவையைச் செய்தார். சூடு எந்தப் பக்கம் போகிறது என்பது குடுவைக்குப் பொருட்டல்ல. ஐஸையும் காக்கும், டீயையும் காக்கும். டூவார் காப்புரிமை எடுக்கவில்லை. ஜெர்மனியின் கண்ணாடிக் கைவினைஞர் ரைன்ஹோல்ட் பர்கர் அதை வீட்டுப் பொருளாக்க, 1904-இல் தெர்மாஸ் நிறுவனம் பிறந்தது. டூவார் வழக்குப் போட்டுத் தோற்றார். 1913-இல் அமெரிக்க மின்பொறியாளர் வில்லியம் ஸ்டான்லி கண்ணாடிக்குப் பதில் எஃகில் வெற்றிடக்குடுவை செய்தார். சறுக்குகிற தேயிலைச் சரிவில் பை ஒரு முறை கீழே விழுந்தால் கண்ணாடி பிளாஸ்க் ‘சலக்’ என்று சத்தம் கொடுத்து முடிந்துவிடும். எஸ்டேட்டுக்கு எவர்சில்வர்தான்.

ஆனால் எஃகு பிளாஸ்க்கில் ஒரு பலவீனம் உண்டு. உள்சுவரும் வெளிச்சுவரும் எங்காவது சேர்ந்துதான் ஆக வேண்டும், அது கழுத்தில் சேர்கிறது. அந்த வளையம் சூட்டுக்கு ஒரு பாலம். அதற்கு மேலே மூடி. மூடியில் வெற்றிடம் பெரும்பாலும் இருப்பதில்லை. எனவே நல்ல பிளாஸ்க் சூட்டை இழப்பது பெரும்பாலும் வாய் வழியாகத்தான். வாய் அகலமானால் பாலமும் அகலம்.

இவ்வளவையும் பேசிக்கொண்டே நானும் அக்காவும் குன்னூர் மார்க்கெட்டுக்குப் போனோம். கடைக்காரர் பத்துப் பன்னிரண்டு எடுத்து வைத்தார். எல்லாமே பளபளப்பு, எல்லாவற்றிலும் ‘24 மணி நேரம்’ என்று எழுத்து. பக்கத்து டீக்கடையில் ஒரு சொம்பு வெந்நீர் வாங்கினோம். மூன்றைத் தேர்ந்து நிரப்பி மூடி வைத்து ஐந்து நிமிடம் காத்திருந்தோம். பிறகு அக்கா கொழுந்து கிள்ளிக் காய்த்துப்போன விரல்களின் பின்பக்கத்தால் ஒவ்வொன்றையும் மேலிருந்து கீழாகத் தடவினார். முதலாவது உடம்பு முழுக்க வெதுவெதுப்பு. இரட்டைச் சுவர் இருந்தது, வெற்றிடம் இல்லை. இரண்டாவதில் கழுத்தடியில் மட்டும் இளஞ்சூடு, மற்ற இடமெல்லாம் மார்கழிக் காற்றைப் போலச் சில்லென்று இருந்தது. மூன்றாவதில் அடிப்பக்கம் ஓரிடம் சுட்டது. அங்கே உள்சுவர் வெளிச்சுவரைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். “ரெண்டாவதுதான் தம்பி,” என்றார். ஆய்வகத்தில் செய்தாலும் இதைத்தான் செய்வார்கள், விரலுக்குப் பதில் வெப்பப்படக் கருவி இருக்கும்.

அளவும் ஒரு கேள்வி. பாத்திரத்தின் நீள அகல உயரத்தை இரட்டிப்பாக்கினால் உள்ளே பிடிக்கும் டீ எட்டு மடங்கு, சூடு போகும் பரப்பு நான்கு மடங்குதான். அதனால் பெரிய பிளாஸ்க் மெதுவாக ஆறும். தேயிலைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு லிட்டர் பிளாஸ்க்கை நடுவில் வைப்பது சரியான கணக்கு. தனி ஆள் ஒரு லிட்டர் வாங்கி அரையளவு நிரப்பினால் அந்த லாபம் போய்விடும். காலியிடத்துக்கும் சூடு கொடுக்க வேண்டும், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தச் சூடான ஈரக்காற்று கொட்டிப்போகும்.

டீ ஊற்றும் முன் பிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றி அலச வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கும் கணக்கு உண்டு. ஒரு கிராம் எஃகைச் சூடாக்கத் தண்ணீருக்கு வேண்டியதில் எட்டில் ஒரு பங்கு போதும். உள்சுவர் 120 கிராம் என்று வைத்தால், 10 டிகிரியில் கிடந்த அந்த எஃகு 250 மில்லி டீயிடம் இருந்து நாலைந்து டிகிரியைப் பிடுங்கிக்கொள்ளும். மேட்டுப்பாளையத்தில் அலட்சியப்படுத்தலாம். மார்கழிக் குன்னூரில் கூடாது.

பஸ் ஓட்டுநருக்கு வேறு கணக்கு. மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேல் ஏற்றம். கீழே மூடிய சிப்ஸ் பாக்கெட் மேலே வந்ததும் உப்பி நிற்பதையும், குன்னூரில் மூடிய காலித் தண்ணீர் பாட்டில் கல்லாறில் நசுங்கிக் கிடப்பதையும் எல்லாரும் பார்த்திருப்போம். மூடிய டிராவல் மக்கிலும் அதுவே நடக்கிறது. உள்ளே அடைபட்ட காற்று கீழ்நாட்டு அழுத்தத்திலேயே இருக்க, வெளியே பாரம் குறைந்துவிடுகிறது. அதில் டீயின் ஆவியும் சேரும். உறிஞ்சுகுழல் வைத்த மக்காக இருந்தால், மூடியைத் தட்டிவிட்டதும் குழலின் அடி டீக்குள் இருப்பதால் உள்காற்று டீயைத்தான் மேலே தள்ளும். சூடான டீ மடியில். மலைப்பாதையில் போகிறவர்களுக்குக் குழல் வேண்டாம். திருகு மூடியோ, அழுத்தினால் முதலில் காற்றை விடும் மூடியோ போதும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஸ்டியரிங் பிடித்த கையில் இது வெறும் வசதிப் பிரச்சினை அல்ல.

இன்னொரு கூட்டம் உண்டு: காலையில் டீ ஊற்றிக்கொண்டு ஓடி, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் குடித்து முடிக்கிறவர்கள். பள்ளி ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள். இவர்களுக்கு மிக நல்ல வெற்றிட மக் மிகத் தவறான மக். ஊட்டியிலேயே 92 டிகிரியில் தொடங்கும் டீ, அந்த மக்கில் மணிக்கணக்கில் 65 டிகிரிக்குக் கீழே இறங்காது. 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களைத் தொடர்ந்து குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. ஒற்றைச் சுவர் மூடி மக்கோ, சாதாரண இரட்டைச் சுவர் மக்கோ இவர்களுக்குப் போதும். வெற்றிட மக்தான் கையில் இருக்கிறது என்றால், வீட்டிலேயே இரண்டு ஆற்று ஆற்றி, பிறகு மூடலாம். கையில் சொந்தமாக மக்கோ பிளாஸ்க்கோ எடுத்துக்கொண்டு போகும் பழக்கம் இங்கே மற்ற ஊர்களை விட முன்பே வந்தது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் மாவட்ட ஆட்சியராக இருந்த சுப்ரியா சாகு பிளாஸ்டிக்குக்கு எதிராகத் தொடங்கிய இயக்கம், பிறகு 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுக்க வந்த தடை, சாலையோரத் தண்ணீர் ஏ.டி.எம்.கள் எல்லாம் சேர்ந்து அதை உருவாக்கின. ஓடையில் பிளாஸ்டிக் கப்புகள் மிதந்த காலத்தைப் பார்த்தவன் என்ற முறையில் அந்த மாற்றம் எனக்கு மிகப் பெரியது.

பால் டீக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கொதிக்க வைத்தாலும் சாகாத நுண்ணுயிர் வித்துகள் பாலில் இருக்கும். 60 டிகிரிக்குக் கீழே, ஆனால் வெதுவெதுப்பாக, மணிக்கணக்கில் பால் டீ கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். காலை ஏழுக்கு ஊற்றி, பத்து மணிக்குத் திறந்து, ஒரு மணிக்கு மறுபடி திறக்கும் பிளாஸ்க் சரியாக அந்தச் சூட்டில்தான் வந்து நிற்கிறது. மூடியின் ரப்பர் வாஷரைக் கழற்றிக் கழுவாவிட்டால் நேற்றைய பால் இன்றைய டீக்கும் உறை ஊற்றும். பிளேன்டீயில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. தூளை வடிகட்டாமல் விட்டால் மட்டும் மதியத்துக்குள் கடுத்துப்போகும்.

அக்கா வாங்கியது வாய் குறுகிய அரை லிட்டர் பிளாஸ்க், மேலே கப் போலக் கழற்றும் ஒற்றைச் சுவர் மூடி. ஒரு வாரம் கழித்துச் சரிவில் அவரைப் பார்த்தேன். இடுப்பில் சாக்குப் படங்கு, பத்து மணி டீ நேரம். பிளாஸ்க்கைத் திறந்து மூடிக் கப்பில் அரையளவு ஊற்றி, உடனே பிளாஸ்க்கைத் திருகி மூடினார். கப்பில் இருந்து ஆவி சுருள் சுருளாகக் கிளம்பியது. ஒரு துண்டு வெல்லத்தைக் கடித்துக்கொண்டு, கப்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டினார். மெல்லிய உலோகம், அகன்ற வாய். ராத்திரியே யோசித்து வைத்திருப்பார் போல; என்னைப் பார்த்துச் சிரித்தார். “தம்பி, கீழ இருக்கிறது உங்க டூவாரு. மேல இருக்கிறது எங்க டவரா.”